பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விடுபட்டது

மலேசிய அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் படிவ உயிரியல் நூலைப் பின்னாலிருந்து புரட்டினால் மூன்று அத்தியாயங்கள் அடுத்தடுத்து வரும். பதினொன்று, மரபுவழி. பன்னிரண்டு, மாறுபாடு. பதின்மூன்று, மரபணுத் தொழில்நுட்பம். மெண்டலின் பட்டாணிச் செடிகள் அங்கே இருக்கின்றன. ஏபிஓ இரத்தப் பிரிவு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பது இருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஏன் ஒருவர்போல் ஒருவர் இருப்பதில்லை, மரபணுவில் திடீர்மாற்றம் எப்படி நேர்கிறது என்பதெல்லாம் படத்தோடு தெளிவாகவே இருக்கிறது. குறைசொல்ல முடியாத விளக்கம்தான். ஆனால், இப்படி வேறுபட்டுப் பிறக்கும் உயிர்களில் சில தழைத்துச் சில மடிந்தால், ஆயிரம் தலைமுறை கழித்து அந்த இனம் என்னவாகும் என்று ஒரு மாணவி கேட்டால், அதற்கென்று அங்கே ஓர் அத்தியாயம் இல்லை. எஸ்பிஎம் எழுதிவிட்டு, ஆறாம் படிவத்துக்குப் போய், அறிவியல் பிரிவில் சேர்ந்து, அதிலும் உயிரியலை எடுத்தால் எஸ்டிபிஎம் பாடத்திட்டத்தில் இயற்கைத் தேர்வும் புதிய இனங்கள் தோன்றுவதும் வரும். அந்தப் படிகளில் ஏறாமல் நின்றுவிடுபவர்கள்தாம் பெரும்பான்மையினர்.

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இதன் விநோதம் இன்னும் நன்றாகத் தெரியும். விடியுமுன் சீருடை அணிந்து, பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகள் இங்கே ஏராளம். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கரையில் சாதாரண நிலைத் தேர்வுக்கான உயிரியலிலேயே இயற்கைத் தேர்வு இடம்பெற்றிருக்கிறது. இந்தக் கரையில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பன்னாட்டுப் பள்ளிகளிலும் அப்படியே. ஒரே அடுக்குமாடியில் ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் இருந்தால், டார்வினை ஒருவர் பதினாறு வயதில் படிக்கிறார். மற்றவர் பெரும்பாலும் படிப்பதே இல்லை. அரசுப் பள்ளியை நம்பியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் அது கிடைக்காமல் போகிறது. பள்ளியில் பரிணாமம் கற்பிப்பது பற்றிய சச்சரவை மதம், அறிவியல் என்று மட்டுமே பேசுகிறோம். யார் வீட்டுப் பிள்ளைக்கு எது கிடைக்கிறது என்ற கணக்கையும் பார்க்கவேண்டும்.

பரிணாமப் பாடம் என்றதும் உலகம் அமெரிக்காவைத்தான் நினைக்கும். 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், மாநிலச் சட்டத்தை மீறி மனிதனின் பரிணாமத்தைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. 100 டாலர் அபராதம். அந்தத் தீர்ப்பு பின்னர் ஒரு சட்ட நுணுக்கத்தால் ரத்தானாலும் சட்டம் 1967 வரை நீக்கப்படவில்லை. மலேசியாவில் அப்படிப்பட்ட நீதிமன்ற நாடகம் எதுவும் நடக்கவில்லை. இங்கே நடப்பதற்கு நெருங்கிய உறவு இந்தியாவில் இருக்கிறது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அங்கே பள்ளிப் பாடநூல்களை வகுக்கும் என்சிஇஆர்டி தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த அத்தியாயத்தை 'மரபு' என்று சுருக்கியது. 2023 ஏப்ரலில் பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி வெளியிட்ட கண்டன மடலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கத்தானே செய்கிறது என்பது தரப்பட்ட சமாதானங்களில் ஒன்று. பத்தாம் வகுப்போடு அறிவியலை விடுபவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை அந்தச் சமாதானம் தொடவில்லை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் இதில் வேறு வழி போயிருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றத்துக்கும் பரிணாமத்துக்கும் தனிப் பாடமே உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் படித்துத்தான் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள்.

மலேசியா முஸ்லிம் நாடு என்பதால் இப்படித்தான் இருக்கும் என்று சட்டென்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. துருக்கி 2017-இல் உயர்நிலைப் பள்ளி உயிரியலிலிருந்து பரிணாமத்தை எடுக்க முடிவு செய்தது உண்மை. ஆனால் ஈரானின் பள்ளி நூல்களில் பரிணாமம் இருக்கிறது. ஆக, மதத்தைச் சொல்லி மட்டும் இதை விளக்கிவிட முடியாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பாடத்திட்டம் வகுப்பவர்கள் போடும் கணக்கும் இதில் சேர்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் இயற்கைத் தேர்வு என்ற கருத்து எங்கோ மேற்கில் முளைத்து இங்கே இறக்குமதியான சரக்கு அன்று. அதைக் கண்டவர்களில் ஒருவர் ஜொகூர் மலையில் ஏறியிருக்கிறார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், அவ்வாண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மலாக்கா வட்டாரத்தில் பூச்சியும் பறவையும் சேகரித்தார். அப்போது, ஐரோப்பியர்கள் ஓஃபிர் மலை என்று அழைத்த குனோங் லேடாங்குக்குப் போனார். இன்று அது தங்காக் மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் 1,276 மீட்டர். மலாய்க்காரர்களுக்கு அது இளவரசியின் மலை. வாலஸுக்கு அது பெரணிகளின் மலை. பாறை வெளியில் தாகம் எடுத்தபோது, குடுவைத் தாவரங்களில் பூச்சிகளோடு தேங்கிக் கிடந்த நீரையே குடித்ததாக எழுதியிருக்கிறார். யானையும் காண்டாமிருகமும் நடமாடிய அடையாளங்களைக் கண்டார். யானை இன்னும் ஜொகூர்க் காடுகளில் இருக்கிறது. மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

அந்த மலையில் அவர் பார்த்த பெரணிகளில் ஒன்று மட்டோனியா. விரித்த விசிறிபோல் பிரியும் அதன் இலையை இன்றும் லேடாங்கில் பார்க்கலாம். அதன் குடும்பத்தைச் சேர்ந்த புதைபடிவங்கள் இங்கிலாந்தின் ஜுராசிக் காலப் பாறைகளில் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் உலகில் பரவலாக இருந்த குடும்பம், இன்று தென்கிழக்காசிய மலைகளில் ஒதுங்கி வாழ்கிறது. ஓர் உயிர் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை என்ற கேள்விக்கு வாழிடத்தின் தட்பவெப்பம் மட்டுமே பதிலாகாது, அதன் பரம்பரையின் வரலாறும் வேண்டும் என்பதற்கு மட்டோனியா ஒன்றே போதும்.

மலையடிவாரத்தில் கூவிக்கொண்டே இருந்த குவாங் ராயா என்ற பறவை வாலஸின் கண்ணில் கடைசிவரை படவில்லை. இருபது ஆண்டாக இக்காடுகளில் வேட்டையாடிய மலாய்க் கிழவர் ஒருவரே அதைச் சுட்டதில்லையாம். பிடிபட்ட பிறகுதான் பார்த்திருக்கிறாராம். மயிலின் சுற்றத்தைச் சேர்ந்த இப்பறவையின் சிறகில் வரிசை வரிசையாகக் கண் வடிவங்கள் உண்டு. டார்வின் 1871-இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இந்தச் சிறகைப் பல பக்கங்களுக்கு ஆராய்ந்தார். சாதாரணப் புள்ளியிலிருந்து முழுக் கண்வடிவம்வரை இடைப்பட்ட நிலைகள் எல்லாம் ஒரே பறவையின் சிறகுகளில் இருப்பதைக் காட்டி, பெட்டைகளின் தேர்வே இந்த அழகைப் படிப்படியாக வளர்த்தது என்று வாதிட்டார். வாலஸ் இதை ஏற்கவில்லை. பரிணாமத்தை ஒப்புக்கொண்டவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைப்பவர்கள் இந்தச் சண்டையைப் படிக்கலாம், சுவையான சண்டை.

லேடாங்கிலிருந்து இறங்கிய சில மாதங்களில், 1855 பிப்ரவரியில், சரவாக்கில் இருந்தபடி வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும், தன்னை ஒத்த இன்னோர் இனம் ஏற்கெனவே இருந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றுகிறது என்பது அதன் சாரம். எப்படித் தோன்றுகிறது என்ற விடையை அவர் 1858-இல் மலுக்குத் தீவுகளிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன.

அதே வாலஸ் 1869-இல் ஒரு கட்டுரையில் பின்வாங்கினார். மனித மனத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்கிவிட முடியாது, வேறொரு சக்தி வழிகாட்டியிருக்க வேண்டும் என்றார். டார்வின் மனம் வருந்திக் கடிதம் எழுதினார். அறிவியல் உலகம் இதில் டார்வின் பக்கமே போயிற்று. ஆனாலும் மதப்பற்றுள்ள ஒரு பெற்றோரிடம் பேசும் ஆசிரியருக்கு இந்தச் செய்தி உதவும். மனிதன் என்ற இடத்தில் தயங்கிய வாலஸ், புல்லுக்கும் பூச்சிக்கும் இயற்கைத் தேர்வு பொருந்தாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நம் பாடத்திட்டமோ மனிதனைத் தொடத் தயங்கி, புல்லையும் பூச்சியையும் சேர்த்து விட்டுவிட்டது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மருந்தடிப்பு தெரியும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை முதுகுத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு செம்பனை வரிசைகளுக்கு இடையில் தெளிப்பார்கள். தாவரங்கள் சில அமினோ அமிலங்களைத் தாமே செய்துகொள்கின்றன. அந்த வேலையில் பங்கெடுக்கும் ஒரு நொதியைக் கிளைஃபோசேட் அடைத்துவிடுகிறது. செடி சில நாளில் மஞ்சளித்துச் சாகிறது. மலாயில் சம்பாவ் என்று அழைக்கப்படும் புல் ஒன்று உண்டு. நம் கேழ்வரகுக்கு மூதாதை வழியில் நெருங்கிய உறவு. தோட்டப் பாதை, பள்ளித் திடல், கார் நிறுத்தும் இடம் எங்கும் படர்ந்து கிடக்கும். 1997-இல் மலேசியாவில் கிளைஃபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் கண்டுபிடிக்கப்பட்டது. உலகிலேயே அந்த மருந்தை எதிர்த்து நின்றதாக அறியப்பட்ட இரண்டாவது களை இனம் அது. முதலாவது அதற்கு ஓராண்டு முன் ஆஸ்திரேலியாவில் அறியப்பட்டது.

சாகாத புல்லை ஆராய்ந்தபோது, அந்த நொதியின் 106-ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் செரின் இருந்தது. மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். நொதி தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. மருந்துக்குத்தான் பிடி கிடைக்கவில்லை.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறோம். 'புல் மருந்துக்குப் பழகிவிட்டது' என்போம். எந்தப் புல்லும் பழகவில்லை. மருந்து பட்ட புற்கள் செத்தன. ஆனால் ஒவ்வொரு புல்லும் ஆயிரக்கணக்கில் விதை போடும். லட்சோப லட்சம் விதைகளில் எங்கோ ஒன்றில் மருந்தைப் பற்றி எதுவும் அறியாமலே அந்த ஓரெழுத்து மாறியிருந்தது. மருந்தில்லாத காலத்தில் அதனால் பெரிய ஆதாயம் இல்லை. மருந்து அடித்த அன்று சுற்றியிருந்த புல்லெல்லாம் கருகி, வெயிலும் எருவும் அதற்கே என்றாயிற்று. அடுத்த பருவத்தில் அதன் பிள்ளைகள், அதற்கடுத்த பருவத்தில் பேரப்பிள்ளைகள். சில ஆண்டுகளில் அந்த நிலத்தின் புல்லே வேறு புல். மாறுபாடு, மரபுவழி, பிழைப்பில் ஏற்றத்தாழ்வு, போதுமான தலைமுறைகள். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். இதில் முதல் இரண்டையும் ஐந்தாம் படிவ மாணவர் தேர்வுக்காக மனப்பாடமே செய்திருப்பார்.

இதைவிட அழகான கதை குளுவாங்கில் நடந்தது. செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே இந்த வட்டாரத்துப் பழைய தோட்டங்களுக்கு மூலம். மரம் வந்தது, அதன் பழைய துணை ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டது. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் மலரும். காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அப்படியானால் மலாயாவில் காய்ப்பு ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு விடை இல்லை. எனவே தொழிலாளர்கள், அவர்களில் நம் பெண்களும் பலர், மரம் மரமாகப் போய் மகரந்தப் பொடியைக் கையால் தூவினார்கள். அது ஒரு தனி வேலை; அதற்கு ஒரு தனிக் கூலி.

1970களின் கடைசியில் பூச்சியியலாளர் ரகுமான் சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். அங்கே செம்பனையின் ஆண் பூக்களில் கூன்வண்டுகள் மொய்த்தன. எலேடோபியஸ் கேமரூனிக்கஸ் என்பது ஒன்றின் பெயர். சில மில்லிமீட்டர் நீளம். வாடிய ஆண் பூவில் முட்டையிடும். புழுக்கள் அதையே தின்று வளரும். பெண் பூவில் அதற்குத் தீனி எதுவும் இல்லை. ஆனால் ஆண் பூவின் சோம்பு வாசனையைப் போன்றதையே பெண் பூவும் வீசுகிறது. வண்டு ஏமாந்து போகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே விட்டு வருகிறது. வண்டில்லாமல் மரம் சரியாகக் காய்க்காது, மரமில்லாமல் வண்டுக்கு வாழ்வே இல்லை. நெடுங்காலம் ஒன்றையொன்று தேர்ந்து வடித்த உறவு இது.

வேற்று நாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடுவது ஆபத்தான காரியம். இது நெல்லைத் தின்னுமா, தென்னையைத் தின்னுமா என்று கடுமையாகச் சோதித்தார்கள். செம்பனையோடு அவ்வளவு இறுகப் பிணைந்து பரிணமித்த வண்டு மற்றப் பயிர்களைச் சீண்டவில்லை. 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங், பாமோல் தோட்டத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். விரைவிலேயே தீபகற்பம் முழுவதும் பரவியது. காய்ப்பு கூடியது, கையால் தூவும் வேலை தோட்டங்களிலிருந்து மறைந்தது. அந்த வேலையை நம்பியிருந்தவர்களுக்கு அது நல்ல செய்தியா என்பது வேறு கட்டுரைக்கான கேள்வி. நாட்டின் பெரிய ஏற்றுமதித் தொழில் ஒன்று பரிணாமம் வடித்த ஓர் உறவின்மேல் உட்கார்ந்திருக்கிறது; அந்தத் தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் பள்ளியில் அந்த உறவு எப்படி வந்தது என்று விளக்க அத்தியாயம் இல்லை.

நாமும் சும்மா இல்லை. நம் மேடைகளில் பரிணாமம் தாராளமாகவே ஒலிக்கும், தவறாக. தசாவதாரத்தில் மச்சம், கூர்மம், வராகம் என்று வரிசையாக இருப்பதால் டார்வினை நம்மவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்பார் ஒருவர். தொல்காப்பியத்தில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை இருக்கிறதே என்பார் இன்னொருவர். தொல்காப்பியர் செய்தது அருமையான வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியதாக அவர் சொல்லவில்லை. இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே பிழை இருக்கிறது: கீழே மீன், மேலே மனிதன் என்ற ஏணி. பரிணாமம் கிளைவிட்டுக்கொண்டே போகும் மரம். இன்றைய கெளுத்தி மீன் நம்முடைய பாட்டன் அன்று. நம்மைப் போலவே நெடுங்காலம் கடந்து இன்று வந்து நிற்கும் இன்னொரு கிளை நுனி. குரங்கும் அப்படித்தான். மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள். 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது' என்று மடக்குபவர்கள் மடக்குவது டார்வினை அன்று, ஏணியை.

மனிதனைப் பேசினால்தான் பிரச்சினை என்பது உண்மைதான். அதற்காகச் சான்றை மறைக்க முடியாது. மனிதருக்கு 46 குரோமோசோம் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. இரண்டு எங்கே போயின? மனிதரின் இரண்டாம் குரோமோசோமைப் பார்த்தால், நுனியில் மட்டுமே இருக்கவேண்டிய டிஎன்ஏ வரிசை அதன் நடுவிலும் கிடக்கிறது. முன்பு இரண்டு ஜோடிகளாக இருந்தவை நுனியோடு நுனி ஒட்டிக்கொண்ட தழும்பு அது. இதைக் கேட்டுவிட்டு, இறைவன் இந்த வழியில்தான் படைத்தான் என்று ஒரு மாணவர் எண்ணலாம், வேறுவிதமாகவும் எண்ணலாம். தேர்வுத் தாள் அவரிடம் கேட்கவேண்டியது நம்பிக்கையை அன்று, விளக்கத்தை. வீட்டிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் நடக்கும் உரையாடலில் உயிரியல் ஆசிரியர் தலையிடத் தேவையில்லை. அதே நேரம், 'இரு தரப்பும் சமம், நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று அவர் நழுவவும் கூடாது. புதைபடிவமும் மரபணுவும் உயிர்ப் புவியியலும் ஒரே பக்கம் கைகாட்டும் விஷயத்தில் அது நடுநிலை ஆகாது.

தமிழ்ப்பள்ளி அறிவியலில் 'விலங்குகளின் நீடுநிலவல்' என்றொரு பாடம் உண்டு. விலங்குகள் தம்மை எப்படிக் காத்துக்கொள்கின்றன, குட்டிகளை எப்படிப் பேணுகின்றன என்று நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே தமிழில் படிக்கிறார்கள். ஓடும் முள்ளும் நஞ்சும் எப்படி வந்தன என்ற கேள்வி அந்த வயதிலேயே எழும். ஐந்தாம் படிவம் முடியும்வரை பள்ளி அதற்கு முழுப் பதில் சொல்வதில்லை.

2027-க்கென்று புதிய பள்ளிக் கலைத்திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாற்றம் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. புதிய நூல் வேண்டாம், பெரிய புரட்சியும் வேண்டாம். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் இறுதியில் இயற்கைத் தேர்வுக்குச் சில பக்கங்கள், சம்பாவ் புல்லும் குளுவாங் வண்டும் எடுத்துக்காட்டாக. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களே, அது வரும்வரை அறிவியல் கழகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புல் திடலிலேயே இருக்கிறது. பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கழிப்பறையையும் சிற்றுண்டிச்சாலையையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.